தாம்பரத்துக்கு எத்தனை எழுத்து? சி மொழியின் ஓடையில் தமிழ் வந்த கதை

"தாம்பரம்" என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள் இருக்கின்றன?

ஒன்றாம் வகுப்புக் குழந்தை விரல்விட்டு எண்ணிச் சொல்லிவிடும். தா, ம், ப, ர, ம். ஆக மொத்தம் 5. ரயில் நிலையப் பலகையில் ஆங்கிலத்தில் எழுதியிருப்பதை எண்ணினால் 8. இதே தமிழ்ச் சொல்லை இன்றைய கணினியில் ஒரு கோப்பில் சேமித்து, சி மொழி படிப்பவர்கள் முதல் மாதத்திலேயே எழுதும் "எழுத்துகளை எண்ணும்" நிரலிடம் கொடுத்துப் பாருங்கள். வரி முடிவைச் சேர்க்காமலே 24 என்று சொல்லும்!

நிரலில் பிழை எதுவும் இல்லை. கணினியும் பழுதாகவில்லை. அந்த 5 எப்படி 24 ஆனது என்பதற்குப் பின்னால் ஐம்பது வருடக் கதை இருக்கிறது. அமெரிக்காவில் தொடங்கி, சிங்கப்பூர், மலேசியா, சுவிட்சர்லாந்து எல்லாம் சுற்றி, நம் தென்சென்னைப் பக்கமும் வந்து போகும் கதை. பொறியியல் மாணவர்கள் மட்டுமல்ல, கணினிப் பயன்பாடு சேர்ந்த பி.காம். படிப்பவர்களுக்கும் சி பாடம் வருவதுண்டு என்பதால், இரு தரப்புக்கும் புரியும்படி அந்தக் கதையைப் பார்ப்போம்.

ஓடையும் மதகும்

விசைப்பலகையில் தட்டுவது, கோப்பில் இருப்பது, இன்னொரு நிரல் அனுப்புவது ஆகிய மூன்றும் சி மொழிக்கு ஒன்றுதான். எல்லாவற்றையும் 'ஸ்ட்ரீம்' என்கிறது, அதாவது ஓடை. மதகைத் திறந்தால் வாய்க்காலில் தண்ணீர் வருகிறது. அது எந்த ஏரித் தண்ணீர் என்று வயலுக்குத் தெரிய வேண்டியதில்லை அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

ஆனால் இந்த ஓடையில் வருவது எழுத்து அல்ல, பைட். ஒரு பைட் என்பது 0 முதல் 255 வரையிலான ஓர் எண். 'கெட்சார்' என்ற செயற்கூற்றை ஒருமுறை அழைத்தால் ஓடையில் அடுத்து நிற்கும் ஒரு பைட்டை எடுத்துக் கொடுக்கும். அதன் பெயரில் உள்ள 'சார்' என்பது கேரக்டர் என்பதன் சுருக்கம். (வாத்தியார் நினைவு வந்தால் பொறுப்பல்ல!)

இடையில் ஒரு தொட்டியும் உண்டு. நாம் தட்டும் எழுத்து உடனே நிரலுக்குப் போய்விடாது. பொதுவாக என்டர் தட்டும்வரை தொட்டியில் தேங்கி நிற்கும். ஆய்வகத்தில் பலரையும் படுத்தும் ஒரு சிக்கலுக்கு இதுதான் காரணம். 'ஸ்கேன்எஃப்' மூலம் ஓர் எண்ணை வாங்கிவிட்டு, அடுத்த வரியில் "தொடரலாமா? ஆம் அல்லது இல்லை" என்று கெட்சார் மூலம் கேட்டால், நிரல் நமக்காகக் காத்திருக்காமல் ஓடிவிடும். எண்ணுக்குப் பிறகு தட்டிய என்டர் தொட்டியிலேயே மிச்சம் இருக்கிறது. கெட்சார் அதை எடுத்துக்கொண்டு "பதில் வந்துவிட்டது" என்று கிளம்பிவிடுகிறது. அதற்கு என்டரும் ஒரு பைட்தான்.

ஒரு பைட், ஓர் எழுத்து

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1969-இல் கென் தாம்சன் யுனிக்ஸை எழுதத் தொடங்கினார். அதற்காக அவர் உருவாக்கிய மொழியின் பெயர் பி. கெட்சார் என்ற பெயர் பி மொழியிலேயே இருந்தது. ஆனால் பி மொழி தோன்றிய பிடிபி-7 கணினியில் நினைவகம் 18 பிட் சொற்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. எழுத்துக்கென்று தனி இடம் கிடையாது. ஒரு சொல்லுக்குள் எழுத்துகளைத் திணித்து வைக்க வேண்டும்.

அடுத்து வந்த பிடிபி-11 கணினியில் ஒவ்வொரு பைட்டுக்கும் தனி முகவரி இருந்தது. அந்த வசதியைப் பயன்படுத்த டென்னிஸ் ரிச்சி பி மொழியைத் திருத்தினார். 'சார்' என்ற வகை அப்போதுதான் வந்தது. ஒரு சார் என்றால் ஒரு பைட். இப்படி 1972-ஐ ஒட்டி உருவெடுத்ததுதான் சி மொழி. உள்ளீடு, வெளியீடு இரண்டுக்கும் மைக் லெஸ்க் எழுதிய தொகுப்பு, பின்னர் சி-யின் நிலையான உள்ளீட்டு நூலகமாக வளர்ந்தது.

ஒரு பைட் போதும் என்று அவர்கள் நினைத்ததில் தவறு சொல்ல முடியாது. 1963-இல் வந்த ஆஸ்கி தரத்தில் மொத்தமே 128 இடங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, எண்கள், நிறுத்தற்குறிகள், கட்டுப்பாட்டுக் குறிகள் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். 8 பிட் பைட்டில் பாதி இடம் காலியாகவே கிடக்கும்.

அதே காலத்தில் சென்னையிலும் பெரிய கணினி வந்து இறங்கியது. 1973-இல் கிண்டியில் உள்ள ஐ.ஐ.டி.யில் ஐபிஎம் 370/155 நிறுவப்பட்டது. துளையிட்ட அட்டைகளில் நிரல் எழுதிக் கொடுக்க வேண்டும். ஓர் அட்டைக்கு 80 எழுத்து. அங்கே ஆஸ்கி கிடையாது, ஐபிஎம்மின் சொந்தக் குறியாக்கமான எப்சிடிக். ஆஸ்கியில் ஆங்கில 'ஏ'-வுக்கு 65 என்றால் எப்சிடிக்கில் 193. ஒரே ஆங்கில எழுத்துக்கே கணினிக்குக் கணினி வேறு வேறு எண்! எழுத்து வேறு, எண் வேறு, இரண்டையும் இணைப்பது மனிதர்கள் செய்துகொள்ளும் ஒப்பந்தம் மட்டுமே என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

257-ஆவது மதிப்பு

சி தேர்வுகளில் அடிக்கடி வரும் ஒரு கேள்வி உண்டு. கெட்சார் தருவது எழுத்துதானே? பிறகு ஏன் அதன் விடையை 'சார்' வகையில் வாங்காமல் 'இன்ட்' வகையில் வாங்கச் சொல்கிறார்கள்?

காரணம் எளிது. ஓடையில் வரக்கூடிய பைட்டுகள் 256 வகை. ஆனால் "ஓடை வற்றிவிட்டது, இனி எதுவும் இல்லை" என்று சொல்லவும் ஒரு மதிப்பு வேண்டும். அதன் பெயர் ஈ.ஓ.எஃப். பொதுவாக அது -1. ஆக மொத்தம் 257 மதிப்புகள். 256 இருக்கை உள்ள அரங்கில் 257 பேரை உட்கார வைக்க முடியாது. அதனால்தான் பெரிய அரங்கான இன்ட் தேவைப்படுகிறது.

சார் வகையில் வாங்கினால் என்ன ஆகும்? ஆங்கிலம் மட்டும் வரும்வரை ஒன்றும் ஆகாது. பல கணினிகளில் சார் என்பது -128 முதல் 127 வரை செல்லும் குறியுள்ள எண். அங்கே 255 என்ற பைட் வந்தால் அது -1 ஆகிவிடும். நிரல் கோப்பு முடிந்துவிட்டது என்று நினைத்துப் பாதியில் நின்றுவிடும். ரஷ்ய மொழிக்கான விண்டோஸ்-1251 குறியாக்கத்தில் 'யா' என்ற எழுத்தின் எண் சரியாக 255. ஆங்கிலத்தில் ஒழுங்காக ஓடும் அந்த நிரல், ரஷ்யக் கோப்பில் முதல் 'யா' வந்ததும் படுத்துவிடும். தமிழின் யூனிகோட் எழுத்துகள் 224 என்ற பைட்டில் தொடங்குபவை. அது இந்த வகை நிரலில் -32 ஆகத் தெரியும். கோப்பு நிற்காது, ஆனால் "இது எழுத்தா, எண்ணா?" என்று சோதிக்கும் செயற்கூறுகளிடம் அந்த -32-ஐக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு சி தரத்தில் உத்தரவாதமே இல்லை.

1978 என்ற ஆண்டு

இந்தக் கதையில் 1978 விசேஷமான ஆண்டு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று காரியங்கள் அந்த ஆண்டில் நடந்தன.

முதலாவது, கெர்னிகனும் ரிச்சியும் எழுதிய சி மொழிப் புத்தகம் வெளிவந்தது. கெட்சாரைக் கொண்டு எழுத்துகளை எண்ணும் நிரல் அதன் முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது.

இரண்டாவது, அண்ணா பல்கலைக்கழகம் உருவானது. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் சானடோரியத்துக்கு அடுத்த நிறுத்தம் குரோம்பேட்டை. அங்கே சி. ராஜம் 1949-இல் நிறுவிய எம்.ஐ.டி., புதிய பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமானது. அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் படித்த கல்லூரி. கணினியைப் பற்றிச் சாதாரண வாசகனுக்குத் தமிழில் சுவையாகச் சொல்ல முடியும் என்று வார இதழ்களில் காட்டியவர் சுஜாதா. அதே வளாகத்தில் பிற்காலத்தில் வந்த ஏ.யு-கே.பி.சி. ஆய்வு மையம் தமிழைக் கணினிக்குப் புரிய வைக்கும் மொழியியல் ஆய்வுகளைச் செய்தது.

மூன்றாவது, எம்.ஜி.ஆர். அரசு அக்டோபர் 1978-இல் எழுத்துச் சீர்திருத்த ஆணையை வெளியிட்டது. பெரியார் 1935 முதல் தன் இதழில் கையாண்ட முறை அது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்ற 13 எழுத்துகளின் பழைய தனி வடிவங்கள் போய், மற்ற எழுத்துகளைப் போலவே துணைக்காலும் இணைக்கொம்பும் சேர்த்து எழுதும் வழக்கம் வந்தது. அச்சுக் கோப்பவருக்கு உதவிய இந்த மாற்றம் கணினிக்கும் உதவியது. எழுத்தை உறுப்புகளாகப் பிரித்து, சில உறுப்புகளைக் கொண்டே எல்லா எழுத்தையும் கட்ட முடியும் என்ற நிலை வந்தது.

128 இடத்தில் 247 எழுத்து

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. மொத்தம் 247. கிரந்த எழுத்துகள் தனி. ஒரு பைட்டில் ஆங்கிலத்துக்கு 128 போக மிச்சம் 128. எப்படி அடைப்பது?

ஆளுக்கொரு வழி கண்டுபிடித்தார்கள். பாமினி எழுத்துரு ஒரு நல்ல உதாரணம். இலங்கைத் தமிழர்களும் புலம்பெயர்ந்தவர்களும் மிகுதியாகப் பயன்படுத்தியது. அதில் "தமிழ்" என்று தட்டினால் கோப்பில் இருப்பது ஆங்கில ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி! எழுத்துரு என்ற சட்டையை மாட்டினால்தான் அது தமிழாகத் தெரியும். கெட்சாருக்கு அந்தச் சட்டை தெரியாது. அதைப் பொறுத்தவரை வந்தது ஆங்கிலம்தான்.

2000-களின் தொடக்கத்தில் இணையத்தில் தமிழ் படித்தவர்களுக்கு இந்தத் தொல்லை நினைவிருக்கும். ஒவ்வொரு பத்திரிகைத் தளத்துக்கும் ஓர் எழுத்துரு. இறக்கி நிறுவாவிட்டால் திரை முழுக்கக் குப்பை. ஒரு தளத்தில் இருப்பதை நகலெடுத்து இன்னொன்றில் ஒட்ட முடியாது, தேடவும் முடியாது. வணிகவியல் பாடத்தில் தரப்படுத்தல் என்று படிக்கிறோமே, அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. கடைக்காரர் ஒவ்வொருவரும் தனித்தனிப் படி வைத்துக்கொண்டு அரிசி அளந்த கதை.

சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு

இதைச் சரிசெய்ய முதலில் முயன்றவர்களில் பலர் தமிழ்நாட்டுக்கு வெளியே இருந்தவர்கள். மலேசியாவில் முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன், சிங்கப்பூரில் கணியன் முறையைக் கொண்டுவந்த நா. கோவிந்தசாமி, சுவிட்சர்லாந்தில் இருந்தபடி மயிலை எழுத்துருவை இலவசமாக வழங்கிய கு. கல்யாணசுந்தரம் ஆகியோர் முக்கியமானவர்கள். 1997-இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்தது. அதையொட்டி மின்னஞ்சல் குழுவில் பல நாட்டுத் தமிழர்கள் விவாதித்து உருவாக்கியது டிஸ்கி. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழந்தமிழ் நூல்கள் மின்னூல்களாகத் தட்டச்சானதற்கு டிஸ்கி பெரிதும் கைகொடுத்தது.

அடுத்த மாநாடு பிப்ரவரி 1999-இல் சென்னையில். தமிழ்க் கணிமைக்கான அரசுக் குழுவில் முன்னின்றவர் அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் மு. ஆனந்தகிருஷ்ணன். அந்த ஆண்டே தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் என்ற இரண்டு குறியாக்கங்களையும் ஏற்றுக்கொண்டது. தமிழ்99 இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. டாம், டாப் இரண்டும் யூனிகோட் பரவியதும் மெல்ல ஒதுங்கிவிட்டன.

டிஸ்கி முறையில் "தாம்பரம்" 6 பைட். த, துணைக்கால், ம், ப, ர, ம். கிட்டத்தட்ட நம் கணக்குக்கு அருகில்! ஆனால் அதில் வேறொரு சிக்கல் இருந்தது. கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிப்பார்கள். "கெ" என்றால் முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க. ஓடையில் கொம்பு வந்ததும் அது யாருடைய கொம்பு என்று நிரலுக்குத் தெரியாது. அடுத்த பைட்டைப் பார்க்க வேண்டும். "கொ" என்றால் அதற்கும் அடுத்ததைப் பார்த்து, துணைக்கால் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும்.

யூனிகோட்: ஒன்றுக்கு மூன்று

உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே எண் பட்டியல் என்ற நோக்கத்தோடு வந்தது யூனிகோட். 1991-இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. இந்திய அரசின் 1988-ஆம் ஆண்டு இஸ்கி தரத்தை ஒட்டி, இந்திய மொழிகள் அனைத்தையும் ஒரே அச்சில் வார்த்து, தமிழுக்கு 128 இடம் ஒதுக்கினார்கள். அகரமேறிய மெய்கள், உயிர்கள், துணைக்குறிகள், புள்ளி இவ்வளவுதான் அதில் உண்டு. மற்றதெல்லாம் சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும். விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்தபோதுதான் சாதாரணப் பயனருக்கு யூனிகோட் தமிழ் எட்டியது.

ஆனால் 256-க்கு மேல் போகும் எண்களை பைட் ஓடையில் எப்படி அனுப்புவது? அதற்கு வழி சொன்னவரும் பழைய கென் தாம்சன்தான்! 1992 செப்டம்பரில் நியூஜெர்சி உணவகம் ஒன்றில், ராப் பைக் உடனிருக்க, அவர் வகுத்த முறைதான் யுடிஎஃப்-8. இதில் ஆங்கிலம் பழையபடி ஒரு பைட். தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். க என்பது 224, 174, 149. முதல் பைட்டைப் பார்த்ததுமே எத்தனை பைட் என்று தெரிந்துவிடும்.

"தாம்பரம்" என்பதில் குறியீடுகள் எட்டு: த, துணைக்கால், ம, புள்ளி, ப, ர, ம, புள்ளி. எட்டு மூன்று இருபத்து நான்கு. நிரல் சொன்ன 24 இதுதான்.

சில சமயம் தமிழ்ப் பக்கம் திறந்தால் தலையில் சாய்கோடு போட்ட 'ஏ'-வும், வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட வணிக முத்திரைக் குறியும் மாறி மாறி வரிசையாக வருமே, கவனித்திருக்கிறீர்களா? 224-க்கும் 174-க்கும் மேற்கு ஐரோப்பியக் குறியாக்கத்தில் அவைதான் வடிவம். தமிழ் அங்கே அப்படியே பத்திரமாக இருக்கிறது. படிப்பவர் ஒப்பந்தத்தை மாற்றிப் படிக்கிறார், அவ்வளவுதான்.

யுடிஎஃப்-8-இன் அருமை இன்னொன்று. தமிழ்க் குறியீட்டின் எந்தப் பைட்டும் 128-க்குக் குறைவாக வராது. அதனால் வரி முடிவு, சரத்தின் முடிவு போன்ற பழைய ஆஸ்கிக் குறிகளோடு அது ஒருபோதும் குழம்பாது. 1978 புத்தகத்தில் உள்ள, ஓடையை அப்படியே நகலெடுக்கும் நிரலிடம் இன்று தமிழ்க் கோப்பைக் கொடுத்தால் ஒரு புள்ளிகூடச் சிதறாமல் நகல் கிடைக்கும். தமிழைக் கொண்டு போய்ச் சேர்க்க சி-க்குத் தெரியும். எண்ணத்தான் தெரியாது.

புள்ளி வைப்பதா, எடுப்பதா?

தமிழறிஞர்கள் சிலருக்கு யூனிகோட் மீது வருத்தம் வந்ததற்கு இலக்கணக் காரணமும் உண்டு. தொல்காப்பியத்தின்படி மெய் இயல்பாகவே புள்ளியோடு இருப்பது. அதன்மேல் உயிர் ஏறும்போது புள்ளி போகும். க் + அ = க. யூனிகோடோ நேர் எதிர். க என்பதுதான் அடிப்படை. அதோடு புள்ளியைச் சேர்த்தால் க் வரும். இந்திய மொழிகளுக்கெல்லாம் ஒரே அச்சு என்று வார்த்ததன் விளைவு இது.

இதற்கு மாற்றாக வந்ததுதான் டேஸ்16. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே ஒரு 16 பிட் எண். எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்த்தே எந்த உயிர் என்று சொல்லிவிடலாம். இதில் "தாம்பரம்" 5 எண்தான். குழந்தை சொன்ன அதே 5! 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோது தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தரங்களாக அறிவித்தது. ஆனால் டேஸ்16 அமர்ந்திருப்பது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில். கைப்பேசிகளும் தேடுபொறிகளும் அதை எழுத்தாக அறியா. ஒருமுறை சேர்த்த எழுத்தை இடம் மாற்றுவதில்லை என்பது யூனிகோடின் கொள்கை என்பதால் பழையதைத் திருத்தவும் முடியாது. சிறந்த தரம் வெல்வதில்லை, எல்லோரும் பயன்படுத்துவதே தரமாகிறது என்ற சந்தை விதி இங்கேயும் நடந்தது.

விகடகவியும் சுப்பிரமணியனும்

இதெல்லாம் அறிஞர் சண்டை, நமக்கென்ன என்று தோன்றலாம். இரண்டு உதாரணம் பாருங்கள்.

இருபுறமும் ஒன்றாகப் படிக்கும் சொல்லா என்று சோதிக்கும் நிரல் எல்லா ஆய்வகப் பதிவேட்டிலும் இருக்கும். அதனிடம் "விகடகவி" என்று கொடுங்கள். இல்லை என்று சொல்லும்! தமிழ்க் குழந்தைகளுக்குத் தெரிந்த முதல் உதாரணமே தோற்றுவிடுகிறது. பைட்டுகளாகத் திருப்பினால் அது தமிழே அல்ல. குறியீடுகளாகத் திருப்பினாலும், வ என்பதற்குப் பின்னால் வர வேண்டிய மேல்விலங்கு முன்னால் வந்து நிற்கும்.

அடுத்தது பெயர். "சுப்பிரமணியன்" என்பதில் 8 எழுத்து. குறியீடு 13. பைட் 39. பெயருக்கு 20 இடம் போதும் என்று நினைத்து, 20 என்ற அளவோடு 'எஃப்கெட்ஸ்' மூலம் வாங்கினால், அது 19 பைட் எடுத்துக்கொண்டு ஓர் இடத்தை முடிவுக் குறிக்கு வைக்கும். 18 பைட்டில் "சுப்பி" வரை வரும். 19-ஆவது பைட் பாதி எழுத்து, கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ தெரியும். ஆங்கிலத்தில் அதே பெயர் முழுதாக உள்ளே போயிருக்கும். தமிழில் பெயர் எழுதியவர் மட்டும் சுப்பி ஆகிவிடுகிறார்.

அளவே கேட்காத 'கெட்ஸ்' செயற்கூறோ இன்னும் மோசம். பெட்டி நிரம்பினாலும் கொட்டிக்கொண்டே இருக்கும். 1988 நவம்பரில் இணையத்தை முடக்கிய மாரிஸ் புழு நுழைந்த வழிகளில் ஒன்று இந்த ஓட்டைதான். 2011-இல் வந்த சி தரத்தில் கெட்ஸையே தூக்கிவிட்டார்கள்.

காசிலும் இது தெரியும். ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட். ஆங்கிலத்தை 7 பிட்டாக அடைத்தால் 160 எழுத்து. தமிழ் வந்தால் 16 பிட் முறைக்கு மாறி 70 குறியீடுதான். அதிலும் புள்ளியும் கொம்பும் தனித்தனிக் கணக்கு! வாடிக்கையாளருக்குத் தமிழில் செய்தி அனுப்ப நினைக்கும் ஒரு நிறுவனம் ஒன்றுக்குப் பதில் இரண்டு மூன்று செய்திக்குப் பணம் கட்ட நேர்கிறது. கணக்கர் எந்த மொழியைப் பரிந்துரைப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, என்ன செய்யலாம்?

சி மொழியே இதற்குப் பாதி வழி தந்திருக்கிறது. 1995-இல் தரத்தில் சேர்ந்த 'கெட்டபிள்யூசார்' பைட்டுக்குப் பதில் முழுக் குறியீட்டைத் தரும். நிரலின் தொடக்கத்தில் 'செட்லோக்கேல்' மூலம் எந்தக் குறியாக்கம் என்று சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். யுடிஎஃப்-8 சூழல் உள்ள லினக்ஸில் முயன்றால் "தாம்பரம்" 24-இலிருந்து 8-க்கு இறங்கும்.

8-ஐ 5 ஆக்குவது நம் வேலை. ஒரு குறியீட்டைப் படித்ததும் அடுத்ததையும் பாருங்கள். அது துணைக்குறியோ புள்ளியோ என்றால் முந்தைய எழுத்தோடு சேருங்கள். இல்லையென்றால் ஓடையிலேயே திருப்பி ஊற்றிவிடுங்கள். திருப்பி ஊற்ற 'அன்கெட்சி' இருக்கிறது. ஆனால் அது ஒரு பைட்டுக்கு மட்டுமே உத்தரவாதம் தரும். தமிழ்க் குறியீடோ மூன்று பைட். ஆகவே இங்கேயும் அகல எழுத்துக்கான 'அன்கெட்டபிள்யூசி'-யைத்தான் பயன்படுத்த வேண்டும். க்ஷ ஒரே எழுத்தா, இரண்டா? கொ என்பதை ஒருவர் ஒரே துணைக்குறியாகவும் இன்னொருவர் கொம்பும் காலுமாகவும் சேமித்திருந்தால் இரண்டும் சமமா? இவற்றையும் நிரல் எழுதுபவர்தான் முடிவுசெய்ய வேண்டும். இந்த வேலையைச் செய்து தரும் ஓப்பன்-தமிழ் போன்ற திறமூல நூலகங்களும் பைத்தானில் இருக்கின்றன.

கெட்சார் பிறந்த இடத்தில் "எழுத்து என்றால் என்ன?" என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆங்கிலத்துக்கு விடை முன்பே தெரிந்திருந்தது. தமிழுக்கு அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் ஆளுக்கொரு விடை சொன்னார்கள், மாநாடு கூட்டினார்கள், சண்டை போட்டார்கள், கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். அந்தச் சமரசத்தின் மீதுதான் இன்று நாம் தமிழில் தட்டும் ஒவ்வொரு வரியும் நிற்கிறது. ஆனால் பெயர் வாங்கும் பெட்டிக்கு 20 என்று எழுதுவதா 80 என்று எழுதுவதா என்பதை எந்த மாநாடும் முடிவு செய்யப் போவதில்லை. அது நிரல் எழுத உட்காரும் மாணவர் கையில்தான் இருக்கிறது. அடுத்த முறை ஆய்வகத்தில் ஒரு நிரல் சரியாக ஓடியதும், ஆங்கிலச் சொல்லோடு நிறுத்தாமல் "விகடகவி"-யையும் ஒருமுறை கொடுத்துச் சோதித்துப் பாருங்கள்.